தேதி இல்லாத வாய்தா

1

கூண்டில் ஏற்றப்பட்டவரிடம் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி ரொம்பச் சின்னது. உன்மீது இன்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா? இரண்டில் ஒன்றைச் சொன்னால் வழக்கு நகரும். எதுவுமே சொல்லாமல் நின்றால்?

பழைய இங்கிலாந்தில் இது பெரிய சிக்கல். ஜூரி விசாரணைக்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதம் வேண்டும் என்பது அங்கே மரபு. அவர் வாய் திறக்காவிட்டால் விசாரணை இல்லை. விசாரணை இல்லையென்றால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லையென்றால் அவருடைய சொத்தை அரசர் பறிமுதல் செய்யவும் முடியாது. ஆகவே பேசவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே பாரத்தை ஏற்றிக்கொண்டே போவது. பேசினால் இறக்குவார்கள். பேசாவிட்டால் சாவு.

1586-ல் யார்க் நகரில் மார்கரெட் கிளித்ரோ என்ற பெண்ணை இப்படித்தான் நசுக்கிக் கொன்றார்கள். கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பது வழக்கு. விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்று அவர் வாய் திறக்கவில்லை. 1692-ல் அமெரிக்காவின் சேலம் ஊரில், சூனிய வழக்குகளின்போது, எண்பது வயதை ஒட்டிய கைல்ஸ் கோரி என்ற விவசாயிக்கும் அதே கதி. இங்கிலாந்தில் இந்த முறை ஒழிந்தது 1772-ல்.

ஆனால் கல்லை ஏற்றுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இந்த ஆள் பேச மறுக்கிறாரா, பேச முடியாதவரா? அதற்கென்றே ஒரு ஜூரியை அமர்த்தினார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி இது: இவருடைய மௌனம் வன்மத்தால் வந்ததா, கடவுளின் செயலால் வந்ததா? வன்மம் என்றால் கல். கடவுள் செயல் என்றால் கல் இல்லை.

விசாரணையை எதிர்கொள்ளும் மனத்தகுதி என்று இன்று உலகம் முழுக்கச் சட்டங்கள் பேசுகின்றன. அந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று இந்தக் கேள்வியில் இருக்கிறது. கருணையும் சந்தேகமும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் கேள்வி. அந்த இரண்டும் இன்றுவரை பிரியவில்லை.

2

"பைத்தியம்னு சர்ட்டிபிகேட் வாங்கித் தப்பிச்சிடுவான்" என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. சினிமாவும் அதைத்தான் காட்டியிருக்கிறது. பணக்கார வில்லன், கைக்குள் ஒரு டாக்டர், கீழ்ப்பாக்கத்தில் ஒரு கட்டில், கதை முடிந்தது. இதில் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால்தான் மேலே போக முடியும்.

முதல் கேள்வி, குற்றம் நடந்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்பது. தான் செய்வது என்ன, அது தவறா என்று அறியும் நிலையில் இருந்தாரா? இல்லையென்றால் அது குற்றமாகாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு, இதைத்தான் சொல்கிறது. இந்தக் கேள்விக்கு விடை விசாரணையின் முடிவில் வரும். சாட்சிகளைக் கேட்டு, வாதங்களைக் கேட்டு, விடுதலை என்றோ தண்டனை என்றோ ஒரு தீர்ப்பு எழுதப்படும்.

இரண்டாவது கேள்வி இன்றைய தினத்தைப் பற்றியது. அன்றைக்கு அவர் எப்படி இருந்தாரோ தெரியாது; இப்போது, இந்தக் கூண்டில் நிற்கும்போது, தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிகிறதா? எதிரில் கறுப்பு அங்கியில் இருப்பவர் யார், தன் வக்கீல் யார், சாட்சி சொல்வது உண்மையா பொய்யா, பொய்யென்றால் அதை வக்கீலிடம் சொல்ல முடியுமா? முடியாதென்றால் விசாரணையே தொடங்கக் கூடாது. தற்காப்பு செய்துகொள்ள முடியாத ஒருவரை விசாரிப்பது, கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சண்டைக்கு அழைப்பது மாதிரி. இது நல்ல விதி. இதைவிட நியாயமான ஒரு விதியைச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் கிடைப்பது கடினம்.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. எட்டாம் ஹென்றியின் ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹவார்டின் தோழியாக இருந்தவர் ஜேன் போலின். ராணியின் ரகசியச் சந்திப்புகளுக்கு உதவினார் என்று 1541-ன் இறுதியில் கைது செய்யப்பட்டார். லண்டன் கோபுரச் சிறையில் அவருடைய மனம் குலைந்தது. சித்தம் கலங்கியவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அப்போதே வழக்கத்தில் இருந்த நெறி. ஹென்றி அதற்காகக் காத்திருக்கவில்லை. தேசத்துரோகம் செய்தவர் பிறகு பைத்தியமானாலும் அவரை விசாரிக்கலாம், கொல்லலாம் என்று ஒரு சட்டமே கொண்டுவந்தார். 1542 பிப்ரவரி 13 அன்று, ராணியின் தலை விழுந்த சற்று நேரத்தில், ஜேனின் தலையும் விழுந்தது. ஹென்றியின் மகள் மேரியின் ஆட்சியில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பின்னால் வந்த சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் அதைக் கொடூரம் என்றே எழுதினார். மனம் கலங்கியவரைக் கொல்வதால் மற்றவர்களுக்கு எந்தப் பாடமும் கிடைக்காது, பரிதாபக் காட்சி ஒன்றுதான் மிஞ்சும் என்பது அவருடைய வாதம்.

ஆக விதி தேவைதான். ஆனால் அது சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. விசாரிக்கக் கூடாது, சரி. அந்த ஆளை என்ன செய்வது?

3

1800 மே 15. லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் இருக்கைக்கு வந்து நிற்கிறார். கீழேயிருந்து ஒருவர் அவரை நோக்கித் துப்பாக்கியால் சுடுகிறார். குண்டு தவறிவிட்டது. சுட்டவர் ஜேம்ஸ் ஹேட்ஃபீல்ட், பிரெஞ்சுப் போரில் தலையில் வாள்வெட்டு வாங்கிய முன்னாள் சிப்பாய். அரசின் கையால் தான் செத்தால் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நிகழும் என்று நம்பியவர். மனநிலையைக் காரணம் காட்டி ஜூரி அவரை விடுவித்தது. விடுவித்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அரசுக்கு அப்போதுதான் உறைத்தது.

சில வாரங்களில் ஒரு புதுச் சட்டம் வந்தது. பைத்தியக்காரக் குற்றவாளிகள் சட்டம், 1800. மனநிலை காரணமாக விடுவிக்கப்படுபவரை, மன்னரின் விருப்பம் தெரியும்வரை காவலில் வைக்கலாம் என்றது. அவசரத்தில் இன்னொரு வகையினரையும் அதே கயிற்றில் கட்டியது: விசாரணைக்கு நிறுத்தப்படும்போதே சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தெரியவருபவர்கள். முதல் வகையினர் விசாரணையைப் பார்த்தவர்கள். செய்தது இவர்தான் என்று நிரூபணமானவர்கள். இரண்டாம் வகையினர்மீது எதுவுமே நிரூபணமாகவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே கதி. மன்னரின் விருப்பம் தெரியும்வரை. அது எப்போது தெரியும் என்று சட்டம் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தின் வலையில் முதலில் விழுந்து, நமக்கு விதிகளைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. காது கேளாதவர்கள்.

1831-ல் எஸ்தர் டைசன் என்ற இளம்பெண் யார்க்கில் கூண்டில் நிறுத்தப்பட்டார். காது கேளாது, வாய் பேச வராது. மணமாகாமல் பெற்ற கைக்குழந்தையைக் கொன்றார் என்பது வழக்கு. சைகை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். குற்றச்சாட்டை விளக்கியபோது தான் செய்யவில்லை என்று எஸ்தர் சைகையால் சொன்னார். அதுவரை சரி. அடுத்து, ஜூரியில் உட்காரப்போகும் ஆட்களில் வேண்டாதவரை ஆட்சேபிக்கும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். இதை எப்படிச் சைகையில் சொல்வது? மொழிபெயர்த்தவரால் முடியவில்லை. ஜூரி முறையைப் பற்றி யாரும் ஒருபோதும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. முடிவு என்ன? எஸ்தர் டைசன் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று ஜூரி அறிவித்தது. 1800-ன் சட்டப்படி காவல்.

ஐந்து வருடம் கழித்து, 1836-ல், ஜான் பிரிட்சார்ட். இவரும் காது கேளாதவர், பேச வராதவர். விலங்கோடு புணர்ந்ததாகக் குற்றச்சாட்டு. அன்றைக்கு அதற்குத் தூக்கு. குற்றத்தை மறுப்பதாக இவரும் தெரிவித்தார். நீதிபதி ஆல்டர்சன் ஜூரியிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தார். இவருடைய மௌனம் வன்மத்தாலா? குற்றத்தை ஒப்பவோ மறுக்கவோ இவரால் முடியுமா? விசாரணையின் போக்கைப் புரிந்துகொண்டு முறையாகத் தற்காத்துக்கொள்ளும் அளவுக்கு இவருக்கு அறிவு இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்றது ஜூரி. பிரிட்சார்ட் சோதனை என்ற பெயரில் அந்தக் கேள்விகள் இங்கிலாந்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரு காலத்தில் பிரிட்டன் ஆண்ட நாடுகள் பலவற்றிலும் அதன் சாயல் உண்டு.

யோசித்துப் பாருங்கள். எடின்பரோவில் காது கேளாதவர்களுக்கான பள்ளி 1760-களிலேயே தொடங்கிவிட்டது. கற்றுக்கொடுத்தால் அவர்கள் எழுதுவார்கள், படிப்பார்கள், வாதாடுவார்கள் என்பது தெரிந்த விஷயம். எஸ்தரிடம் இல்லாதது சித்தம் அல்ல, மொழி. நீதிமன்றத்திடம் இல்லாததும் மொழிதான். ஒரு உரையாடல் நடக்கவில்லை என்றால் குறை இரண்டு பக்கமும் இருக்கலாம். ஆனால் "சித்தசுவாதீனம் இல்லாதவர்" என்ற முத்திரை ஒரு பக்கத்தில் மட்டுமே குத்தப்பட்டது. அதிகாரம் தனக்குப் புரியாததை எதிராளியின் மனநோயாக எழுதிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

4

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதவுக்கு வேறு பயன்களும் கண்டுபிடிக்கப்பட்டன. இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று உடனே நினைவுக்கு வரும்: எஸ்ரா பவுண்ட்.

இரண்டாம் உலகப் போரின்போது பவுண்ட் இத்தாலியில் இருந்தார். முசோலினியின் வானொலியில் அமெரிக்காவுக்கு எதிராகவும் யூதர்களுக்கு எதிராகவும் தொடர்ந்து பேசினார். 1943-ல் அவர்மீது தேசத்துரோக வழக்கு. 1945 மே மாதம் பிடிபட்டார். பீசா அருகே அமெரிக்க ராணுவ முகாமில், திறந்தவெளியில் ஒரு இரும்புக் கூண்டுக்குள் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பீசாவின் காண்டங்கள் பிறந்தது அந்த முகாமில்தான். நவம்பரில் வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை வரை கிடைக்கலாம். பேசியதெல்லாம் வானொலியில், உலகமே கேட்டது. அவருடைய வக்கீல் ஜூலியன் கார்னெல் எடுத்த வழி, பவுண்ட் விசாரணைக்குத் தகுதியான மனநிலையில் இல்லை என்பது. நான்கு மனநல மருத்துவர்கள் அப்படியே சான்று தந்தார்கள். 1946 பிப்ரவரியில் ஜூரி சில நிமிடங்களில் ஒப்புக்கொண்டது. செயின்ட் எலிசபெத் மனநல மருத்துவமனையில் பவுண்டுக்கு இடம் கிடைத்தது.

அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். எலியட் வந்து பார்த்தார். எலிசபெத் பிஷப் வந்தார். கன்ஃபூசியச் செவ்வியல் பாடல்களை மொழிபெயர்த்தார், தன் காண்டங்களைத் தொடர்ந்து எழுதினார். 1949-ல் பீசாவின் காண்டங்களுக்கு பொலிங்கன் பரிசு கிடைத்துப் பெரிய சண்டையே நடந்தது. இத்தனையும் செய்ய முடிந்தவருக்கு ஒரு வக்கீலோடு பேச முடியாதா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1958-ல் ராபர்ட் ஃபிராஸ்ட் உள்ளிட்ட எழுத்தாளர்கள் முயன்றார்கள். பவுண்ட் ஒருபோதும் விசாரணைக்குத் தகுதி பெறமாட்டார் என்று மருத்துவமனையின் தலைவர் சொன்னார். வழக்கு கைவிடப்பட்டது. பவுண்ட் இத்தாலிக்குக் கப்பலேறினார். நேப்பிள்ஸில் இறங்கியதும் கையை உயர்த்தி பாசிச வணக்கம் வைத்தார்.

இதைத் தப்பித்தல் என்று சொல்லலாம். தூக்குக் கயிறு தப்பியது உண்மை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நிரபராதி என்றும் சொல்லவில்லை. அந்த உரைகள் துரோகமா, வெறும் வெறுப்பா, ஒரு கவிஞன் பேச்சுக்காகத் தூக்கில் தொங்கலாமா என்ற கேள்விகள் ஒரு திறந்த மன்றத்தில் விவாதிக்கப்பட்டிருக்க வேண்டியவை. அந்த விவாதம் நடக்கவே இல்லை. பெரிய கவிஞனைத் தூக்கிலிட்ட அவப்பெயர் அரசுக்கு வேண்டாம். விட்டுவிட்ட அவப்பெயரும் வேண்டாம். மருத்துவமனை எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

சோவியத் அரசு இந்தச் சௌகரியத்தை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தியது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கிகள் நுழைந்ததை எதிர்த்து 1968 ஆகஸ்ட் 25 அன்று எட்டுப் பேர் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் நடாலியா கோர்பனேவ்ஸ்கயா. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்திருந்தார். 1969 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். மாஸ்கோவின் செர்ப்ஸ்கி நிறுவன மருத்துவர்கள் அவருக்கு "மந்தகதி மனச்சிதைவு" என்று ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கக்கூடிய நோய் அது! 1970 ஜூலையில் அவருடைய விசாரணை நடந்தது, அவர் இல்லாமலேயே. பிறகு கசான் சிறப்பு மனநல மருத்துவமனை. 1972 வரை.

சோவியத் சட்டத்தில் இது வேறு பிரிவு. குற்றப் பொறுப்பு இல்லாதவர் என்பது அங்கே பெயர். ஆனால் வேலை செய்த விதம் ஒன்றுதான். எதிர்ப்பாளர்கள் கூண்டில் நின்றால் பேசுவார்கள். பேசியதை யாராவது குறித்துக்கொண்டு போய்த் தட்டச்சு செய்து கைக்குக் கை கடத்துவார்கள். நோயாளியாக்கிவிட்டால் அந்த இறுதி வாக்குமூலமே இல்லை. சிறைத் தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டு, மூன்று வருடம், ஐந்து வருடம் என்று. நோய்க்குக் கணக்கு கிடையாது.

பவுண்டும் கோர்பனேவ்ஸ்கயாவும் எழுதத் தெரிந்தவர்கள். பெயர் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு?

5

1968-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தியான் ஜாக்சன் என்ற இளைஞர்மீது இரண்டு வழிப்பறி வழக்குகள். முதலாவதில் ஒரு பெண்ணின் கைப்பை, உள்ளிருந்ததோடு சேர்த்து 4 டாலர் மதிப்பு. இரண்டாவதில் 5 டாலர் ரொக்கம். மொத்தம் 9 டாலர். ஜாக்சனுக்குக் காது கேளாது, பேச வராது, எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்குப் போகாத ஒரு சின்னக் குழந்தையின் மனவளர்ச்சிதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இனிமேல் விசாரணையைப் புரிந்துகொள்ளக் கற்பார் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இல்லை.

மாநிலச் சட்டம் சொன்னது: சித்தம் தெளியும்வரை மருத்துவமனையில் வை. தெளிவதற்கு அவருக்கு வந்திருப்பது நோய் அல்லவே! குணமாகாத ஒன்று குணமாகும்வரை காவல் என்றால் அதற்குப் பெயர் ஆயுள் தண்டனை. அதுவும் குற்றம் நிரூபிக்கப்படாமல். அவருடைய வக்கீல் இதைத்தான் வாதாடினார். 1972-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. தகுதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை முடிவில்லாமல் அடைத்து வைக்க முடியாது. நியாயமான காலத்துக்குள் அவர் தேறுவாரா என்று பார்க்க வேண்டும். தேற வாய்ப்பில்லை என்றால், மற்ற குடிமக்களை மனநல மருத்துவமனையில் சேர்க்கப் பின்பற்றும் அதே நடைமுறையைப் பின்பற்று, இல்லாவிட்டால் வெளியே விடு.

நான் பிழைப்புக்கு எழுதுவது மென்பொருள். எங்கள் வேலையில் முதல் வருடமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு நிரல் இன்னொன்றின் பதிலுக்காகக் காத்திருக்கும்படி எழுதினால், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஒரு வரம்பையும் சேர்த்து எழுது. 30 நொடியோ 5 நிமிடமோ, ஏதாவது ஒன்று. அதற்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுது. எழுதாவிட்டால் அந்த நிரல் செத்தும் போகாது, வேலையும் செய்யாது. பட்டியலில் "காத்திருக்கிறது" என்று மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். யாராவது போய்ப் பார்க்கும்வரை அது அங்கே இருப்பதே தெரியாது. 1800-ல் எழுதப்பட்ட சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. அதை நகலெடுத்த சட்டங்களிலும் இல்லை. ஜாக்சன் தீர்ப்பு அந்த வரியைச் சேர்த்தது. ஆனால் "நியாயமான காலம்" என்றால் எத்தனை மாதம் என்று அது எண் போடவில்லை.

இங்கிலாந்து இன்னும் தாமதம். 1980-களில் அங்கே ஒரு காது கேளாதவர் 5 பவுண்டும் மூன்று மின்விளக்குகளும் திருடியதாக வழக்கு. விசாரணைக்குத் தகுதியில்லை என்று முடிவானதும், கட்டாயமாகக் காவல். நீதிபதிக்கு வேறு வழியே சட்டத்தில் இல்லை. இதுபோன்ற வழக்குகள் கிளப்பிய கூச்சத்துக்குப் பிறகு 1991-ல் சட்டம் திருந்தியது. அதன்படி, தகுதியில்லை என்று முடிவான பிறகும், அந்தச் செயலை இவர்தான் செய்தாரா என்பதை மட்டும் ஜூரி தனியாக விசாரிக்க வேண்டும். செய்ததாக நிரூபிக்க முடியாவிட்டால் விடுதலை. நிரூபணமானாலும் நீதிபதிக்குப் பல வழிகள் உண்டு, வீட்டுக்கு அனுப்புவது உட்பட.

இந்தச் சீர்திருத்தம் எதைப் புரிந்துகொண்டது? விசாரணை என்பது சிறைக்குப் போகும் வழி மட்டுமல்ல, வெளியே வரும் வழியும் அதுதான். சாட்சி பொய் சொல்லியிருக்கலாம். போலீஸ் ஆளை மாற்றிப் பிடித்திருக்கலாம். அது தெரியவரும் ஒரே இடம் விசாரணை. உன் நன்மைக்காக விசாரணையைத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லும்போது, நீ நிரபராதி என்று நிரூபிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே தள்ளிவைக்கிறோம்.

6

பிரிட்டிஷார் நமக்குக் கொடுத்த 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பைத்தியக்காரர்களைப் பற்றித் தனி அத்தியாயம் இருந்தது. 1973-ன் சட்டத்தில் அது 328 முதல் 339 வரையிலான பிரிவுகளாக மாறியது. மாஜிஸ்திரேட்டுக்குச் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சித்தசுவாதீனம் இல்லையென்று தெரிந்தால் விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். தேறியதும் மறுபடி தொடங்க வேண்டும். தேறியதை யார் கவனிப்பது? மருத்துவமனை சிறைக்குக் கடிதம் போட வேண்டும், சிறை கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும், கோர்ட் பழைய கட்டைத் தேடி எடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் போதும்.

1982-ல் ஹசாரிபாக்கிலிருந்து இலவச சட்ட உதவிக் குழு ஒன்று உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. ஹசாரிபாக் மத்தியச் சிறையில், மனநிலை சரியில்லை என்று அடைக்கப்பட்டு, பிறகு தேறியும் விடப்படாதவர்கள் இருக்கிறார்கள் என்றது கடிதம். சிலர் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே இருந்தார்கள். வீணா சேத்தி வழக்கு என்று அதற்குப் பெயர். நீதிபதி பகவதி அவர்களை விடுவிக்கச் சொன்னார்; ஊர் போய்ச்சேர வழிச்செலவும் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டே பீகாரிலிருந்து ருதுல் ஷா வழக்கு. 1968-லேயே விடுதலை என்று தீர்ப்பு வந்துவிட்டது. அவர் வெளியே வந்தது 1982-ல். ஏன் 14 வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, அவருக்கு மனநிலை சரியில்லை என்றது அரசுத் தரப்பு. அதற்கான ஆதாரம் எதுவும் தேறவில்லை. சட்டவிரோதக் காவலுக்கு உச்சநீதிமன்றம் இழப்பீடு கொடுத்த முன்னோடித் தீர்ப்பு என்று சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். மனநோய் என்ற சொல் ஒரு நிர்வாகத் தவறை மூடும் போர்வையாக எவ்வளவு எளிதில் கைக்கு வந்தது என்பதற்காகவும் அதைப் படிக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட நீளமான கதை அசாமிலிருந்து. மோரிகாவ் மாவட்டத்தின் திவா பழங்குடியைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951-ல் கைதானார். வயது 23. கொடுங்காயம் ஏற்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். விசாரணை நடக்கவில்லை. 1967-ல் அவர் முழுமையாகத் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்னது. அங்கிருந்து வீட்டுக்கு அல்ல, குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு 38 வருடம்.

தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டதும்தான் அந்தக் கட்டைத் தேடினார்கள். 2005 ஜூலையில் மாஜிஸ்திரேட் 1 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை வெளியே விட்டார். வயது 77. 54 வருடங்கள் விசாரணைக் கைதியாகவே வாழ்ந்திருக்கிறார். அவர்மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 3 லட்சம் ரூபாயும் மாதம் 1000 ரூபாயும் தர உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2007 டிசம்பரில் அவர் இறந்தார்.

1951-ல் அவர் அந்தக் காயத்தை ஏற்படுத்தினாரா, இல்லையா? நமக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்பளித்து, பத்து வருடம் போட்டிருந்தால்கூட 1961-ல் அவர் ஊர் திரும்பியிருப்பார். முப்பத்துமூன்று வயதுதான் ஆகியிருக்கும்.

7

சட்டம் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008-ன் திருத்தம் முக்கியமானது. குணமாகக்கூடிய நோயும் பிறவியிலேயே வரும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் ஒருவழியாகக் கண்டுகொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்காமல், ஆவணங்களையும் வக்கீலின் வாதத்தையும் மட்டும் பார்த்து, முதல்நோக்கிலேயே வழக்கில் சரக்கில்லை என்று தெரிந்தால், ஒத்திவைக்காமல் விடுவித்துவிட வேண்டும் என்றது. வழக்கு நிற்கும் என்றால், உள்நோயாளியாக வைத்திருக்கத் தேவையில்லாத பட்சத்தில், ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும் ஜாமீனில் விட வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 367 முதல் 378 வரையிலான பிரிவுகளில் தொடர்கின்றன.

ஆனால் அந்த ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொந்தக்காரரோ நண்பரோ ஒருவர் வந்து, நான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன், பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். மனநோயோடு தெருவில் சுற்றியவருக்கு, வேறு மாநிலத்தில் பிடிபட்டு ஊர் பெயர்கூடச் சொல்லத் தெரியாதவருக்கு, குடும்பமே கைகழுவிவிட்டவருக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? யாரும் இல்லாதவர்களுக்குப் பராமரிப்பு இல்லங்களைச் சட்டம் காட்டுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு வேண்டும் என்கிறது 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணை முடியாதவர்கள். அந்தக் கூட்டத்தில் தனக்காகக் குரல் கொடுக்கத் தெரியாத ஒருவர் எந்த வரிசையில் நிற்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

போலியாக நடிப்பவர்கள் உண்டுதான். ஆனால் இருநூறு வருடக் கதையில் இந்தக் கதவு வழியாகச் சுகமாக வெளியேறியவர்களைவிட, உள்ளே போய்த் தொலைந்தவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்தேன். தொலைந்தவர்களின் தொகையும் ஒரு பட்டியலாகவே மனதில் நிற்கிறது: 9 டாலர், 5 பவுண்டு, 1 ரூபாய்.

நம்மூர் கோர்ட்டுகளைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறோம். "வாய்தா மேல வாய்தா" என்று அலுத்துக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் வாய்தாவுக்கு ஒரு குணம் உண்டு, அதில் தேதி இருக்கும். அந்தத் தேதியில் யாராவது அந்தக் கட்டைக் கையில் எடுத்தே ஆக வேண்டும், பெயரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மனத்தகுதி இல்லை என்று ஒத்திவைக்கப்படும் வழக்குக்கும் அது வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம், ஏதோ ஒரு எண். அன்றைக்கு மருத்துவர் அறிக்கை வர வேண்டும், வக்கீல் இருக்க வேண்டும், இன்னும் எத்தனை நாள் என்று நீதிபதி காரணத்தோடு எழுத வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் அடுத்த தேதியைக் குறிக்க வேண்டும். லாலுங்கின் பெயரை 1967-க்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஒரு டவாலி சத்தமாகக் கூப்பிட்டிருந்தால் போதும், 38 முறை அந்தப் பெயர் வராந்தாவில் கேட்டிருக்கும். ஏதாவது ஒரு முறை யாராவது ஒருவர், யார் இந்த ஆள், எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்திருப்பார்.